உறைவுக் குழுவும் வில்டெரின் வயிற்றெரிச்சலும்

ஓம்பூ என்பது ஒரு தரவுத்தளம். வங்கி, மருத்துவமனை, மாட்டுச் சந்தை என்று எவர் எதைக் குறித்துவைக்க நினைத்தாலும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். அதன் நிரல் முழுவதும் எல்லோரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். ஒளிவு மறைவு என்பதே கிடையாது. ஆகையால் அதை நிர்வகிக்கும் குழு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கூடும்.

குழுவின் முழுப்பெயர் ‘வெளியீட்டு உறைவு நாள் நிர்ணய நிரந்தரத் தற்காலிகக் குழு’. ஆண்டுக்கு ஒரு புதிய ஓம்பூ வெளிவரும். அதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு நாள் குறிப்பார்கள். அந்த நாளுக்குப் பிறகு புது வசதி எதையும் சேர்க்கமாட்டார்கள். ஏற்கெனவே நுழைந்தவற்றில் பிழைகளை மட்டும் திருத்துவார்கள். அதுதான் உறைவு நாள். அதற்குள் நுழைந்துவிட்டவன் இந்த ஆண்டு ஆள். தவறவிட்டவன் அடுத்த ஆண்டு ஆள். வில்டெர் தெச்சேரா ஐந்து ஆண்டுகளாக அடுத்த ஆண்டு ஆளாகவே இருந்துவந்தான்.

வில்டெர் பகலில் மொந்தெவிதேயோவின் ஒரு பால் கூட்டுறவில் கணினிகளைக் கட்டி மேய்ப்பவன். மாலையில் ஓம்பூ. அவன் எழுதிய வசதியில் பளபளப்பு ஒன்றும் இல்லை. ஓம்பூவில் எதையாவது அழித்தால், அழித்தது இருந்த இடம் காலியாகவே கிடக்கும். யாராவது உட்கார்ந்து கூட்டிப் பெருக்க வேண்டும். வில்டெரின் நிரல் அந்த இடத்தைத் தானாகவே மீட்டுக்கொள்ளும். அவ்வளவுதான். இதற்காக அவனுக்குக் குப்பைக்காரர் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவன் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. வெளியீட்டு அறிவிப்பில், உலகம் முழுக்கப் படிக்கும் அந்த ஒரு பக்கத்தில், தன் பெயர் வர வேண்டும்.

அந்தப் பக்கத்தின் முதல் வரி ஆண்டுதோறும் ஹெர்வாசியோவுடையது.

ஹெர்வாசியோவை நினைத்தால் வில்டெருக்கு வயிறு எரியும். இதைப் பூசி மெழுகிச் சொல்வதில் பயனில்லை. ஹெர்வாசியோ உயரமானவன். ஒசாகாவிலும் லிஸ்பனிலும் அழைத்துப் பேசவைக்கிறார்கள். அவன் சுடும் இறைச்சி வெளியே முறுகலாகவும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். அவன் சொல்லும் அரதப்பழசான நகைச்சுவைக்கு வில்டெரின் மனைவி ஸுல்மா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வில்டெரின் சொந்த நாய், அவன் கையால் தின்று வளர்ந்த நாய், ஹெர்வாசியோ வாசலில் நின்றால் வாலோடு சேர்த்து உடம்பையே ஆட்டும்.

மூன்று முறை ஹெர்வாசியோவின் வேலை முடியவில்லை என்று உறைவு நாளையே தள்ளிப்போட்டிருக்கிறார்கள். போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு வில்டெர் இதைப் பொறுக்காமல் புகார் எழுதினான். குழு அதைத் தீவிரமாகப் பரிசீலித்து, பொறாமையை வேரோடு ஒழிக்கும் விதி ஒன்றைக் கொண்டுவந்தது. இனி யாருக்காக நாள் தள்ளிப்போகிறது என்பதைச் சொல்லக்கூடாது. யாருடைய நிரலை யார் சரிபார்க்கிறார்கள் என்பதும் வெளியே தெரியக்கூடாது. சரிபார்ப்பவர்களுக்கு எண் மட்டுமே உண்டு.

இந்த விதியால் வில்டெருக்கு ஒரு நன்மை விளைந்தது. நான்கு ஆண்டுகள் எவரும் தொட்டுப் பார்க்காத அவனுடைய நிரலை இந்த ஆண்டு ‘சரிபார்ப்பவர் எண் மூன்று’ எடுத்துக்கொண்டார். வரி வரியாகப் படித்தார். எங்கே இடிக்கிறது, ஏன் இடிக்கிறது, எது அழகு என்று எழுதினார். வில்டெருக்கு அழுகையே வந்துவிட்டது. எண் மூன்று யாரோ பின்லாந்துக் கிழவராக, பனி பெய்யும் சன்னலோரம் தனியாக உட்கார்ந்திருப்பவராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டான். நாளடைவில் மனம்விட்டும் எழுதினான்.

“எங்க ஊர்ல ஹெர்வாசியோன்னு ஒருத்தன் இருக்கான். வெறும் பகட்டு. உள்ளே சரக்கு கிடையாது.”

“கேள்விப்பட்டிருக்கேன்,” என்று எண் மூன்று பதில் எழுதினார். “சரியான தொல்லை பிடிச்ச ஆளுன்னு சொல்வாங்க.”

வில்டெர் அதை ஸுல்மாவிடம் படித்துக் காட்டினான். “பாத்தியா, பின்லாந்து வரைக்கும் நாறியிருக்கு அவன் பேரு.”

“எனக்கென்னமோ அவர் நல்லவராத்தான் தெரியறார்,” என்றாள் ஸுல்மா. “பின்லாந்துக்காரரைச் சொல்லல.”

அதே ஆண்டு குலுக்கலில் வில்டெர் பெயர் வந்தது. குழுவில் பொதுமக்கள் குரல் என்று ஓர் இருக்கை உண்டு. அதில் உட்காருபவர் பேசலாம், வாக்கு கிடையாது. கூட்டம் நடப்பது போச்சாஸ் என்னும் மரப்பந்தாட்டத்துக்கான ஒரு பழைய கழகத்தின் பின்னறையில். பக்கத்துக் கூடத்தில் ஓய்வுபெற்றவர்கள் மரப்பந்து உருட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஆட்டத்தில் ஒரு முடிவு வந்ததும் கைதட்டல் கேட்கும். பின்னறையில் அந்தச் சத்தம் ஒருபோதும் எழுந்ததில்லை.

தலைவர் தோன்யா நிபியா. சட்டம் பார்ப்பவர் நோட்டரி பின்தோஸ். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் கூட்ட நடைமுறையைத் தொண்ணூறு பக்கத்துக்கு எழுதியவர் அவர்தான். அதில் முக்கியமானது மாத்தே விதி. அந்தக் கசப்பு இலைச்சாறு நிரம்பிய சுரைக்குடுவை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘நன்றி’ என்று சொன்னால், எனக்கு இனி வேண்டாம் என்று இந்த ஊரில் பொருள். ஆகவே நன்றி சொன்னவருக்கு அன்றைய கூட்டம் முடியும்வரை பேச்சும் இல்லை, வாக்கும் இல்லை. சைகை செய்யலாமா என்பது துணைக்குழுவின் பரிசீலனையில் இருந்தது.

குடுவை முதலில் தலைவருக்கு, அடுத்து குழு உறுப்பினனான ஹெர்வாசியோவுக்கு. சுற்றி வந்து கடைசியில் பொதுமக்கள் குரலிடம் சேரும்போது இலை வெளுத்து வெந்நீர்தான் மிஞ்சியிருக்கும். வில்டெர் அதை உறிஞ்சியபடியே ஹெர்வாசியோவின் உதட்டோர நுரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

முதல் கூட்டத்தில் தோன்யா நிபியா எழுந்து பேசினார்.

“உறைவு நாள்ங்கறது புனிதமானது. அதைத் தொடக்கூடாது. அதனாலதான் நாம அதைக் குறிக்கவே இவ்வளவு தயங்கறோம். குறிச்சாத்தானே தள்ளிப்போட வேண்டி வரும்? நம்ம திட்டத்துல எல்லாமே திறந்தது. எதெது திறந்ததுன்னு முடிவு பண்ற கூட்டம் மட்டுந்தான் மூடினது. அதுக்கு ரகசியம்னு பேர் இல்லை. அதுக்குப் பொறுப்புன்னு பேர்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். ஏப்ரல் முதல் வாரம் என்று ஒருவர் சொன்னார். அது சுற்றுலா வாரம், நாடே காலியாக இருக்கும் என்றார் இன்னொருவர். அப்படியானால் அதற்கடுத்த வாரம் என்றார்கள். சுற்றுலா வாரத்திலிருந்து திரும்பியவர்களுக்குக் களைப்பு இருக்கும் என்று பின்தோஸ் நினைவூட்டினார். களைப்பு எத்தனை நாளில் தீரும் என்று ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது.

இரண்டாம் கூட்டத்தில் நாள் குறிக்கும் கட்டத்துக்கே வந்துவிட்டார்கள். அப்போது மழை பிடித்தது. மழை பெய்தால் மொந்தெவிதேயோவில் மாவைப் பிசைந்து கொழுப்பில் பொரித்துத் தின்ன வேண்டும். இதில் கட்சி வேறுபாடு கிடையாது. கழகத்துச் சமையலறையிலிருந்து வாசனை வந்ததும் குழு ஒருமனதாக எழுந்தது. குழுவின் வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான் என்று பின்தோஸ் அன்றே குறிப்பில் ஏற்றினார். ஹெர்வாசியோ சமையலறைக்குள் நுழைந்து, அங்கிருந்த அம்மாளிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்து, எல்லோருக்கும் முன்பாக ஒரு தட்டு வாங்கிக்கொண்டு வந்தான். அதை நேரே வில்டெரிடம் நீட்டினான்.

“சூடா இருக்கு, எடுத்துக்கய்யா.”

வில்டெர் எடுத்துக்கொண்டான். பொரித்த ரொட்டி அருமையாக இருந்தது. அது வேறு எரிச்சல்.

மூன்றாம் கூட்டத்தில் எப்படியோ ஒரு வெள்ளிக்கிழமை குறிக்கப்பட்டது. உடனே பின்தோஸ் குடுவையைக் கையில் வாங்கினார்.

“வெள்ளிக்கிழமைன்னா, எந்த ஊர் வெள்ளிக்கிழமை?”

ஓம்பூவுக்கு உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். ஒருவனுக்கு விடியும்போது இன்னொருவனுக்குப் பொழுது சாயும். ஆகவே பூமியில் எங்காவது ஓரிடத்தில் வெள்ளிக்கிழமை மிச்சமிருக்கும்வரை வெள்ளிக்கிழமைதான் என்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். வெள்ளிக்கிழமை கடைசியாக முடியும் இடம் பசிபிக் கடலின் இரண்டு தீவுகள். அங்கே அது முடியும்போது மொந்தெவிதேயோவில் சனிக்கிழமை காலை ஒன்பது மணி.

“அந்தத் தீவுல யாரு இருக்கா?” என்று வில்டெர் தன் முறையில் கேட்டான்.

“யாரும் இல்லை,” என்றார் பின்தோஸ். “பறவைங்க மட்டும்.”

“அப்புறம் யாருக்காக அது வரைக்கும் காத்திருக்கணும்?”

தோன்யா நிபியாவின் முகம் கனிந்தது. “தெச்சேரா, இருக்கறவங்களுக்காகப் பேச ஆயிரம் பேர் இருக்காங்க. இல்லாதவங்களுக்காக யாரு பேசுவா? நாமதான்.”

பறவைகளின் நலன் குறிப்பில் ஏறியது. சனிக்கிழமை காலை ஒன்பது மணி என்று முடிவானது. கெடு இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று சரிபார்க்க அன்றே எட்டு மணிக்கு ஒரு கூட்டமும் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை எண் மூன்று எழுதினார். “எல்லாம் நல்லா ஓடுது. ஒரே ஒரு சோதனைல மட்டும் தேறல. நான் பார்த்துக்கறேன், நிம்மதியா இருங்க. முடிஞ்ச மாதிரிதான்.”

வில்டெர் ‘முடிஞ்ச மாதிரிதான்’ என்பதை முடிந்துவிட்டது என்றே படித்தான். ஐந்து ஆண்டுகளாகக் காத்திருப்பவன் வேறு எப்படிப் படிப்பான்? ஸுல்மாவைக் கட்டிக்கொண்டான். நாயைக் கூடக் கட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை கூட்டம் தொடங்கியதும் ஹெர்வாசியோவைப் பார்த்த வில்டெருக்கு உள்ளம் குளிர்ந்தது. ஹெர்வாசியோவின் கண்கள் சிவந்திருந்தன, தாடி கலைந்திருந்தது. சட்டையைக் கூடத் தப்பாகப் பொத்தானிட்டிருந்தான். சரி, பயலின் வேலை முடியவில்லை என்று வில்டெர் நினைத்துக்கொண்டான். மனிதர்கள் கேள்வி கேட்டால் தரவுத்தளம் பேச்சுமொழியிலேயே பதில் சொல்லும் என்று ஹெர்வாசியோ ஊரெல்லாம் பறையடித்து வைத்திருந்தான். அது தடுமாறுகிறது போலும்.

குடுவை ஹெர்வாசியோவிடம் வந்தது.

“ஒரு ரெண்டு நாள் தள்ளிவைங்க,” என்றான். “ஒருத்தரோட வேலை ஒரே ஒரு சோதனைல நிக்குது. ரொம்ப நல்ல வேலை. இந்த வருஷ வெளியீட்டுலேயே அதான் உருப்படியான வேலை. பேர் சொல்லக்கூடாதுன்னு விதி இருக்கு, அதனால சொல்லல.”

தன் வேலையைத் தானே ‘ரொம்ப நல்ல வேலை’ என்கிறானே! வில்டெருக்குக் காது சூடேறியது.

ஹெர்வாசியோ குடுவையைப் பார்த்து முகம் சுளித்தான். “ராத்திரி முழுக்க இதையே குடிச்சுக்கிட்டுக் கிடந்தேன், இனி இறங்காது,” என்று அதைத் திருப்பிக் கொடுத்து, “நன்றி,” என்றான்.

பின்தோஸ் அதை நேரம் போட்டுக் குறித்துக்கொண்டார்.

குழுவுக்கு உற்சாகம் பிறந்தது. தள்ளிப்போடுவதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். பின்தோஸ் ஒரு வழி சொன்னார். “நாள் தள்ளினா விதிமீறல். தள்ளாமலே தள்ளலாம். தென் துருவத்தை எடுத்துக்குங்க. எல்லா ஊர்க் கடிகாரமும் அங்க ஒரே புள்ளியில சேருது. அங்க எப்ப வேணா வெள்ளிக்கிழமைன்னு வச்சுக்கலாம். பூமியில எங்கயாவதுன்னு சொன்னோம்ல? துருவமும் பூமிதானே?”

“அற்புதம்,” என்றார் தோன்யா நிபியா. “கெடுவும் மீறப்படல, முடியவும் இல்ல. எனக்கு இதுதான் வேணும்.”

குடுவை மெல்ல நகர்ந்து கடைசியில் வில்டெரிடம் வந்தது. வெந்நீர்தான். அவன் அதை இரு கையாலும் பிடித்துக்கொண்டான். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதாக இன்னும் சில நிமிடங்கள் இருந்தன.

“தோன்யா நிபியா, எனக்கு வெக்கமா இருக்கு,” என்று தொடங்கினான். “நேரத்துக்கு முடிச்சவன் முட்டாளா? வருஷா வருஷம் ஒரே ஆளுக்காகக் கடிகாரத்தைப் பிடிச்சு நிறுத்தறீங்க. தீவுக்குப் போனீங்க. பறவைங்க கிட்டப் போனீங்க. இப்ப துருவத்துக்குப் போறீங்க. நாளைக்கு நிலாவுக்குப் போவீங்க. நீங்க குழுதானா? ஒரு முடிவு, ஒரே ஒரு முடிவு, வாழ்க்கையில எடுத்துப் பாருங்களேன்! ஒன்பது மணின்னா ஒன்பது மணி. யாரா இருந்தாலும் சரி, எப்பேர்ப்பட்ட வேலையா இருந்தாலும் சரி, வெளியே நிக்கட்டும்!”

எதிரே ஹெர்வாசியோ எழுந்து நின்றுவிட்டான். வாயைத் திறந்தான். வில்டெர் பாய்ந்தான்.

“நன்றி சொல்லிட்டார்! அவருக்குப் பேச்சு இல்லை!”

“ஆட்சேபம் செல்லும்,” என்றார் பின்தோஸ்.

ஹெர்வாசியோ கையால் வில்டெரைக் காட்டினான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டான். மறுபடி வில்டெரைக் காட்டி, இரு கையையும் விரித்துத் தலையை வேகமாக ஆட்டினான்.

“பாருங்க, மிரட்டறார்,” என்றான் வில்டெர்.

“சைகை பத்தித் துணைக்குழு இன்னும் முடிவு சொல்லல,” என்றார் பின்தோஸ். “அதனால நாம அதைப் பார்க்கல.”

குழுவினர் எல்லோரும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோன்யா நிபியா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். முடிவெடு என்று தன்னிடம் இதுவரை எவரும் கேட்டதில்லை என்றார் அவர். வாக்கெடுப்பு நடந்தது. ஒன்பது அடித்தபோது வாக்குள்ள எல்லாக் கைகளும் மேலே இருந்தன. ஓம்பூ உறைந்தது. பின்னறையில் முதல் முறையாகக் கைதட்டல் எழுந்தது. என்னவோ ஏதோ என்று மரப்பந்து ஆடியவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கூட்டம் முடிந்ததாக அறிவித்த நொடியில் ஹெர்வாசியோவின் வாய் திறந்தது.

“யோவ், உனக்காகத்தான்யா கேட்டேன்!”

வில்டெர் சிரித்தான். “எனக்காகவா? என்னோடது எப்பவோ முடிஞ்சாச்சு. எண் மூன்றே சொல்லிட்டார்.”

“முடிஞ்ச மாதிரின்னுதான்யா எழுதினேன்.”

வில்டெர் கையில் குடுவை ஆறிக்கொண்டிருந்தது. பின்லாந்தில் பனி நின்றது, சன்னல் மறைந்தது, கிழவரின் இடத்தில் தாடி கலைந்த ஹெர்வாசியோ உட்கார்ந்திருந்தான்.

“நீயா?” என்றான் வில்டெர். “அப்ப உன்னோட பேச்சுமொழி?”

“அதை அடுத்த வருஷத்துக்குன்னு போன மாசமே எடுத்துட்டேன். ரெண்டையும் பார்க்க எனக்கு நேரம் இல்ல. உன்னோடது நல்லா இருந்துச்சு.”

வில்டெர் தலைவரை நோக்கித் திரும்பினான். இரண்டு நாள் என்றான். ஒரு நாள் என்றான். மதியம் வரைக்குமாவது என்றான். துருவம் என்று கூடச் சொல்லிப்பார்த்தான்.

தோன்யா நிபியா அவன் தோளைத் தொட்டார். “நீங்க எங்களுக்கு முதுகெலும்பு குடுத்தீங்க தெச்சேரா. அதை நீங்களே ஒடிக்கலாமா? இந்த விதிக்கு உங்க பேரையே வைக்கப்போறோம்.”

வெளியே கழகத்தின் மதிலோரம் இருவரும் உட்கார்ந்தார்கள். ஹெர்வாசியோ தன் வெந்நீர்க் குப்பியைத் திறந்து, சுரைக்குடுவையில் புது இலை போட்டு, முதல் சுற்றை வில்டெரிடம் நீட்டினான். “எனக்கு வேணாம், நீ குடி.” வில்டெர் உறிஞ்சினான். இலை வெளுக்காத முதல் மாத்தே இப்படித்தான் இருக்குமா? திருப்பிக் கொடுக்கும்போது நன்றி என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால், இனி வேண்டாம் என்று ஆகிவிடும். சொல்லவில்லை. ஹெர்வாசியோ மறுபடி ஊற்றிக் கொடுத்தான்.

மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வில்டெர் நினைத்தான். ஆனால் பக்கத்தில் இருப்பவன் அதை இவ்வளவு இலகுவாக எடுத்துக்கொள்வானே என்று எண்ணியதும், கேட்காமல் குடுவையை உறிஞ்சினான். பாவி, ஒரு கெட்டவனாகவாவது இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?

புதிய ஓம்பூ வசந்த காலத்தில் வெளிவந்தது. ஸுல்மா அறிவிப்பை உரக்கப் படித்தாள். “‘இந்த வெளியீடு குறித்த நேரத்தில் உறைந்தது. இதற்கு முழுக் காரணம் வில்டெர் தெச்சேரா.’ என் ராசா, முதல் வரியிலேயே உன் பேருடா!”

கீழே புது வசதிகள் இருந்தன. இடத்தை மீட்கும் வசதி அவற்றில் இல்லை. அதனால் உலகெங்கும் வழக்கம்போல் யார் யாரோ உட்கார்ந்து கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை எண் மூன்றிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

“வாழ்த்துகள். அந்த ஹெர்வாசியோ பேரு எங்கயுமே வரல பார்த்தீங்களா? இந்த வருஷம் நல்லா மட்டம் தட்டிட்டீங்க அவனை. அந்தச் சோதனையும் இப்ப தேறிடுச்சு. அடுத்த வருஷத்துக்குத் தயார்.”

வில்டெர் அறிவிப்பை மேலிருந்து கீழ்வரை தேடிப்பார்த்தான். உண்மைதான், ஹெர்வாசியோவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. இந்த நாளுக்காகத்தான் எத்தனை ஆண்டுகள் ஏங்கியிருந்தான். மகிழ முயன்று பார்த்தான், முடியவில்லை. தோற்பதைக் கூட இவ்வளவு அழகாகச் செய்கிறானே என்று தோன்றியதும் பழையபடி வயிறு எரிந்தது. வாசலில் நாய் குரைக்காமல் எழுந்து வாலை ஆட்டத் தொடங்கியது. யார் வருகிறார்கள் என்று வில்டெர் எட்டிப் பார்க்கவில்லை.